கப்பலின் கழுத்து

மஹல்லா ஊரில் வஹ்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஃபர்மலா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரேக் என்று அர்த்தம். கால்வாய்க்குப் பின்னால் இருந்த ஃபிக்ரியாவின் ராட்டினத் திடலில் எது சுற்றினாலும், எது ஆடினாலும், அதை நிறுத்துகிறவன் அவன்தான். இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கிடையாது. ராட்டினச் சங்கிலி தின்றுவிட்டது. வலது காதில் பாதி கிடையாது. அதைத் தின்றது மனிதர்கள்.

இளவட்டமாக இருந்தபோது ஊர் ஊராகப் போய்க் கந்தூரிகளில் தோணி ஊஞ்சல் போட்டுக்கொண்டிருந்தான். தோணியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று உந்துவார்கள். வீரம் முற்றியவர்கள் உந்தி உந்தித் தோணியைத் தலைக்கு மேலே ஏற்றி முழு வட்டம் அடிக்க வைப்பார்கள். அப்படி அடித்தவனுக்கு அன்றைக்கு அங்கே ராஜ மரியாதை. தஸூக் ஊர்க் கந்தூரியில் ஒரு புது மாப்பிள்ளை தனியாக ஏறினான். கையில் மருதாணிகூட மங்கவில்லை. இடுப்புக்குக் குறுக்கே போடுகிற கம்பி முழங்காலை மடக்க விடவில்லை, எடு என்றான். சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. வஹ்தான் கம்பியின் ஆணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். தோணி ஒரு தடவை முழு வட்டம் அடித்தது. இரண்டாவது வட்டத்தில் தோணி மட்டும் வந்தது. மாப்பிள்ளை வேலிக் கம்பியில் கழுத்து குத்திக் கிடந்தான். கால்கள் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருந்தன, பிறகு அதுவும் இல்லை.

கைதட்டிய அதே கைகள் கூடார முளைகளைப் பிடுங்கிக்கொண்டு வஹ்தான் மேல் விழுந்தன. தோள்பட்டை முறிந்தது. காதை ஒருவன் கடித்தானா, இழுத்துப் பிய்த்தானா என்பது அவனுக்கே தெரியாது. அன்றைக்கே செத்திருப்பான். பக்கத்தில் குதிரை ராட்டினம் போட்டிருந்த ஃபிக்ரியா செருப்பைக் கழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். கண்ட முகத்தில் எல்லாம் செருப்பால் அறைந்துகொண்டே வந்து, கீழே கிடந்தவன் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். ஆம்பளையாக இருந்தால் முதலில் என்னை அடிங்கடா என்றாள். அயல் பெண்ணின் முதுகில் கழி வைக்க அங்கே எவனுக்கும் துணிவு வரவில்லை. கூட்டம் விலகியது.

ஆணி வஹ்தானின் பையில் இருந்தது. அதைப் பற்றி ஊர் ஒரு வார்த்தை பேசவில்லை. தோணிக்கு அந்த வருஷம் புதிதாக வண்ணம் பூசினார்கள், ஆடு அறுத்து ரத்தம் காட்டவில்லை, அதனால்தான் கண் பட்டுவிட்டது என்று பேசியது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பதில் எல்லா ஊரும் ஒன்றுதான். செத்தவனுக்கு அதனால் என்ன லாபம்? கேட்டால் வயிறு எரிகிறது. ஆனால் வஹ்தானும் அதையே நம்பினான். நம்பாவிட்டால் அந்த ஆணியோடு அல்லவா தூங்கி எழ வேண்டும்.

சிறைக்குப் போய்விட்டு வந்தவனை எவரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. ஃபிக்ரியா சேர்த்துக்கொண்டாள். அதிலிருந்து அவன் வேறு ஆள். ஒவ்வோர் இருக்கையின் கம்பியையும் தானே இழுத்துப் பார்ப்பான். எழுந்து நின்றவன் எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் காதைப் பிடித்து இறக்கிக் கன்னத்தில் ஒன்று கொடுப்பான். பிள்ளையின் அப்பன் சண்டைக்கு வந்தால் அப்பனுக்கும் கிடைக்கும். அவன் அடித்து மூக்கு உடைந்தவர்கள் மஹல்லாவில் உண்டு. அவன் ஓட்டிய ராட்டினத்தில் விழுந்தவர்கள் இல்லை.

ஃபிக்ரியா விதவை. ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரிது. அவள் கணவர் ஹாஜ் பயூமியை ராட்டினத்து மோட்டார் பெல்ட் சட்டைக் கையோடு இழுத்துத் தோளோடு பிய்த்துப் போட்டுக் கொன்றது. அதற்குச் சில நாள் முன்னால்தான் பெயின்டர் ஒருவன் கண் படாமலிருக்க ராட்டினக் காலில் ஆட்டு ரத்தத்தால் பதித்திருந்த பழைய கைத்தடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான். பெல்ட்டுக்கு மூடி கிடையாது என்பது ஃபிக்ரியாவின் கண்ணில் படவில்லை. கழுவிய ரத்தம் மட்டும் பட்டது. அதனால் கப்பல் ஊஞ்சல் வாங்கியபோது விட்டுவிடக் கூடாது என்று கிடாவாகப் பார்த்து அறுத்தாள். கப்பல் தொங்குகிற நாலு இரும்புக் கைகளும் அப்போது தரையில் கிடந்தன. அச்சோடு கை சேருகிற இடத்தைத் திடலில் கழுத்து என்பார்கள். ஃபிக்ரியா உள்ளங்கையை ரத்தத்தில் தோய்த்து, முதல் கையின் கழுத்தில் அழுத்தி வைத்தாள். மழையில் கரைந்துவிடக் கூடாது என்று காய்ந்தபின் அதன்மேல் வார்னிஷும் அடிக்கச் சொன்னாள். பிறகு கப்பலைத் தூக்கி நிறுத்தினார்கள்.

நோன்பின் கடைசி நாள் மதியம். மறுநாள் பெருநாள், ஊரே திடலுக்கு வரும். வஹ்தான் ஏணி போட்டு ஏறி அச்சுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். ரத்தக் கையின் சுண்டுவிரல் ஓரத்தில், வார்னிஷுக்கு அடியிலிருந்து, பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தான். துரு. வெளியே துரு வடிகிறது என்றால் உள்ளே தண்ணீர் போகிறது, தண்ணீர் போகிறது என்றால் வெல்டு வாய் திறந்திருக்கிறது. கிரீஸ் டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினான்.

ஃபிக்ரியா டிக்கெட் கூண்டில் தம்பி ஷலபியோடு இருந்தாள். நோன்பு வெயில் இரண்டு பேர் முகத்திலும் ஏறியிருந்தது.

"ஹாஜ்ஜா, கப்பல் கழுத்துல துரு வடியுது. உள்ள விரிசல் விட்டிருக்கு."

"துரு இல்லடா, ரத்தம். வெயிலுக்கு இளகுது."

"காஞ்ச ரத்தம் எங்கயாவது வடியுமா? ஒரு விரல் அகலம், சுரண்டிப் பாத்துட்டு..."

அவன் முடிக்கவில்லை. அறை விழுந்த சத்தத்தில் கூண்டுக்கு வெளியே நின்ற நாய் எழுந்து ஓடியது.

"ஏற்கெனவே ஒருத்தன் கழுவித்தான் என் புருஷன் அள்ளிப் போடுற மாதிரி ஆனாரு. நீ சுரண்டி யார அனுப்பப் போற? என்னையா?"

ஷலபி சிரித்தான். ஃபர்மலாவுக்கு வயதாகிவிட்டது, கப்பல் ஆடினால் இவனுக்குத் தலை சுற்றுகிறது என்றான். வஹ்தான் வாயில் ஊறிய ரத்தத்தை நோன்பு முறியாமல் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான். அதற்குள் ஃபிக்ரியாவுக்கு மனம் இளகிவிட்டது. பெருநாள் முடியட்டும், ஆள் கொண்டுவந்து பார்க்கலாம் என்று சொல்லி, அவன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த கஹ்க் பலகாரப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். அடித்த கையாலேயே கொடுப்பாள்.

அவர்கள் நோன்பு திறக்க வீட்டுக்குப் போனதும் வஹ்தான் சுரண்டியோடு மறுபடி ஏறினான். கை அகலமாகப் பதிந்திருந்தது. மோதிரம் போட்ட இடம்கூடத் தெரிந்தது. சுரண்டியின் தகட்டை அந்தத் தடத்தின் விரல் ஓரத்தில் வைத்தான். பிஸ்மில்லா சொன்னான். தகட்டை அழுத்த முடியவில்லை. இரும்பைக் கண்டு நடுங்குகிறவன் அல்ல அவன். அந்தக் கை அழிந்து நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்தால்? அழியாமல் ஒரு பிள்ளை விழுந்தால்? இரண்டும் அவனுக்கு ஒரே எடையாக இருந்தன, அதுதான் கேடு. இறங்கிவிட்டான்.

பெருநாள் காலைத் தொழுகை முடிந்ததும் புதுச்சட்டைகளால் திடல் நிரம்பியது. முதல் நடை கப்பலில் ஆள் ஏற்றும் முன் வெறுமனே ஆட்டிப் பார்ப்பது வஹ்தானின் வழக்கம். ஆட்டினான். கப்பல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது மேலே டக் என்றது. மறுபடி ஆட்டினான், மறுபடி டக். ஷலபியிடம் போய் இன்றைக்குக் கப்பல் வேண்டாம் என்று கெஞ்சினான். காலைப் பிடித்தான் என்றும் சொல்கிறார்கள். ஷலபி அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு, ஏறுங்க ஏறுங்க என்று கத்தினான். பிள்ளைகள் தடுப்பைத் தாண்டி ஓடிவந்தார்கள்.

வஹ்தான் கருவிப் பெட்டியிலிருந்து சம்மட்டியை எடுத்தான்.

அவன் அடித்தது மோட்டாரை. தகர மூடி பிளந்தது, ஒயர்ப் பெட்டி நொறுங்கி நெருப்புப் பொறி பறந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். இளவட்டங்கள் ஓடவில்லை. பெருநாளைக் கெடுத்தவனை விடுவார்களா? முதல் குத்து மூக்கில், அடுத்தது விலாவில், பிறகு கணக்கில்லை. ஷலபி சம்மட்டிப் பிடியைப் பிடுங்கி அவன் முழங்காலில் இறக்கினான். பட்ட காலிலே படும் என்பார்கள். வஹ்தானுக்குப் பட்ட உடம்பு முழுக்கப் பட்டது. போலீஸ் வந்து இழுத்துப் போகும்போது ஃபிக்ரியா குறுக்கே வந்தாள். இந்த முறை அவன் மேல் விழுந்து மூட வரவில்லை. முகத்தில் காறித் துப்பினாள்.

"உன்ன அன்னிக்குக் கந்தூரியிலயே சாக விட்டிருக்கணும்டா."

"ஹாஜ்ஜா, கப்பல ஆட்டாதீங்க," என்றான். அதற்கு மேல் பேச வாயில் பல் நிற்கவில்லை.

திடல் வாசலிலேயே போலீஸ் சாவடி. அவனை ஜன்னல் கம்பியோடு விலங்கு போட்டு வைத்தார்கள். மதிலுக்கு மேலே கப்பலின் அச்சும் நாலு கைகளும் அங்கிருந்து தெரிந்தன. நடு மதியத்துக்கு மோட்டார் மறுபடி உறுமுவது கேட்டது. உடைந்தது மூடியும் ஒயரும்தான், எலக்ட்ரீஷியன் ஒருவன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வஹ்தான் ஜன்னலைப் பிடித்துக் கத்தினான். காவலாளி லத்தியால் விரல்களில் அடித்தான், இருக்கிற விரலாவது மிஞ்சட்டும், சும்மா இரு என்றான்.

ஆனால் கப்பல் உடனே ஆடவில்லை. காலையில் பார்த்ததை ஊர் மறக்கவில்லை. ஃபர்மலா பைத்தியமாக இருக்கலாம், இரும்பைப் பற்றித் தெரிந்த பைத்தியம் என்று ஏறத் தயங்கினார்கள். பெருநாள் அன்று வெறும் கப்பல் நிற்பதை ஃபிக்ரியாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நானே ஏறுகிறேன், பயந்தாங்கொள்ளிகள் வீட்டுக்குப் போங்கள் என்றாளாம். கறுப்பு அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கப்பலின் வால் முனையில், மற்ற எல்லா இருக்கையையும்விட உயரே போகிற கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துப் பத்துப் பதினைந்து பேர் ஏறினார்கள்.

வஹ்தான் ஜன்னலில் இருந்து அவளைப் பார்த்தான். மதிலுக்கு மேலே அவள் முகம் எழும்பியது, இறங்கியது, இன்னும் உயரே எழும்பியது. சிரித்துக்கொண்டிருந்தாள். தலைத்துணி கழன்று பறந்தது. அவன் ஹாஜ்ஜா, ஹாஜ்ஜா என்று விலங்கோடு கம்பியை உலுக்கினான். மணிக்கட்டுத் தோல் உரிந்து ரத்தம் முழங்கை வரை இறங்கியது. அடுத்த எழும்பலில் முதல் கையின் கழுத்து அச்சைவிட்டு விலகியது. கப்பல் ஒரு பக்கமாகத் திருகி, மேடையில் போய் மோதியது.  பிறகு எல்லாரும் ஒன்றாக அலறினார்கள்.

ஒரு பெண்ணுக்கு இரண்டு காலும் பலகைக்கு அடியில் நசுங்கின. ஒருவனுக்குத் தாடை பெயர்ந்து கையோடு வந்தது. ஃபிக்ரியா வால் முனையிலிருந்து தூக்கி எறியப்பட்டு டிக்கெட் கூண்டின் இரும்பு விளிம்பில் விழுந்தாள். தம்பி ஓடிவந்து தூக்கினான். தூக்க அவளிடம் மிச்சம் அதிகம் இல்லை.

அதே கூட்டம் சாவடிக் கதவை உடைக்க வந்தது. காலையில் சம்மட்டியால் அடித்தவன் இவன்தானே, கப்பலை உடைத்தவன் இவன்தான் என்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காவலாளி வானத்தைப் பார்த்துச் சுட்டுத்தான் அவர்களைக் கலைத்தான். வஹ்தான் ஓடி ஒளியப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துவிடு என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

விசாரணை அதிகாரி இளைஞர், கெட்டவர் இல்லை. மோட்டாரில் விழுந்த அடிக்கும் கழுத்து முறிந்ததற்கும் சம்பந்தமில்லை, விரிசல் மாதக்கணக்கில் பழையது, வார்னிஷ்தான் மறைத்திருக்கிறது என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். மோட்டாரை உடைத்த குற்றம் மட்டும்தான் மிஞ்சியது. காகிதங்களை மூடி வைத்துவிட்டு அவர் தமக்குப் புரியாத ஒன்றைக் கேட்டார்.

"விரிசல் எங்கன்னு உனக்குத் தெரியும். கையில சம்மட்டி இருந்துச்சு. கழுத்துல ஒரு அடி அடிச்சிருந்தா அது அங்கயே வாயப் பொளந்து எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும், ஒருத்தன் ஏறியிருக்க மாட்டான். எதுக்கு மோட்டார அடிச்ச?"

 வஹ்தானுக்கு வீங்கிய உதட்டில் வார்த்தை சரியாக வரவில்லை.

"அதுல ஹாஜ்ஜாவோட கை இருந்துச்சுங்க ஐயா," என்றான். "அவங்க கை மேல நான் எப்பிடி அடிப்பேன்?"