சாவி திரும்பாத டாக்சி

இன்று காலை ஒன்பது மணிக்கு, மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில் எங்கள் பஞ்சர் கடைக்கு எதிரே, ஒரு டாக்சியின் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது. சாவி திரும்பவே இல்லை.

உள்ளே வெள்ளைச் சேலையில் கொட்டச்சேடு கிராமத்து அக்கா ஒருவர். பதினோரு மணிக்குச் சேலத்தில் நர்சு வேலைக்கு நேர்காணல்.

"ஏனுங்க, பஸ்ஸும் போயிருச்சுங்களே!"

டிரைவர் அண்ணன் சாவியை முறுக்கினார். கூடிய நாலு பேரும் ஆளுக்கொரு முறை முறுக்கினார்கள். "பூட்டை ஒடைச்சிரலாங்க," என்றார் ஒருவர்.

நான் சக்கரத்தைப் பார்த்தேன். சரிவில் நிறுத்தும் எல்லோரையும் போல டிரைவர் அண்ணனும் முன்சக்கரத்தை மேட்டுப் பக்கம் ஒடித்து, கல்லில் முட்ட வைத்திருந்தார். வண்டியின் பாரம் அந்தப் பூட்டை இறுக்கிக்கொண்டிருந்தது.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனேன்.

"தலைவலிக்குக் கால்ல தைலமா கண்ணு?" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பிவிடலாம் என்றிருந்தது. திரும்பவில்லை. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்சக்கரம் தரையை விடும்வரை ஏற்றினேன்.

"இப்பத் திருப்புங்கண்ணா."

ஒரே திருப்பில் பூட்டு விட்டது.

அக்கா இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "நொம்ப நல்லா இருப்ப சாமி!" நானும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி வளைவு தாண்டிய பிறகுதான் என் கையைப் பார்த்தேன். ஐந்து விரலிலும் கிரீஸ்.

நேர்காணலில் அந்தக் கறையைப் பற்றிக் கேட்டிருந்தால் அக்கா என்ன சொல்லியிருப்பார்? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?