ராஜா வேஷத்துக்குப் பாடு போட்ட கதை

எங்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் புதுக் கலையரங்கம் வந்த வருஷம் நான் பத்தாம் வகுப்பு. அதுவரை ஆண்டு விழா என்றால் மைதானத்தில்தான். பின்னால் கட்டிய சேலையை ஏரிக்காற்று தூக்கிவிடும். உள்ளே வேஷம் மாற்றிக்கொண்டிருப்பவன் அரை டிரவுசரோடு ஊருக்கே காட்சி கொடுப்பான். புது அரங்கத்தில் சுவர் இருந்தது, கயிறு இழுத்தால் இரண்டாகப் பிரியும் சிவப்புத் திரை இருந்தது, சட்டையில் குத்திக்கொள்ளும் மைக்கூட இருந்தது. அந்த மேடையில் முதல் நாடகம். அதில் ராஜா நான்.

ராஜா பொம்பளையா என்று கேட்காதீர்கள். தமிழ் ஐயா வசனம் ஒப்பிக்கச் சொன்னபோது பையன்கள் அத்தனை பேரும் திருதிருவென்று முழித்தார்கள். நான் மூச்சு விடாமல் சொன்னேன். கதையும் ஐயா எழுதியதுதான். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை மணல் மூடிவிடுகிறது. 'வழி விடு' என்று மணலுக்கு ஆணையிடுகிறார் ராஜா. மணல் கேட்குமா? கடைசிக் காட்சியில் கிரீடத்தைக் கழற்றி, அதாலேயே மணலை அள்ளி, அழுதுகொண்டே ஜனங்களோடு தோண்டுகிறார். அந்த அழுகை வசனத்துக்காக நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் சோற்றுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்ததில், அம்மா ஒருநாள் துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

எல்லாம் கெட்டது நைனாவின் வாயால். படகுத்துறையில் நின்றுகொண்டு, "எம் பொண்ணுதான் ராஜா" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு ஏரியைச் சுற்றியிருக்கிற ஊரெல்லாம் திரண்டு வந்துவிட்டது.

"அரங்கம் எல்லாருக்கும் பொதுதானே சார்? அவுங்க ஊருக்கு மட்டும் இன்னாத்துக்கு ராஜா?"

"எம் புள்ள இன்னா, சாமரம் வீசவா பொறந்தான்?"

சத்தம் கூரையைத் தொட்டபோது பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "சும்மா பேசிகினே இருந்தா ஆவுமா? பாடு போட்டுடுங்க."

உடனே எல்லோரும் அமைதியானார்கள். ஏரியில் இறால் நிறையப் படுகிற இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஒருவன் பாடு அன்றைக்கு அடுத்தவன் அங்கே கால் நனைக்கக் கூடாது. வலை கிழிந்தோ காய்ச்சல் வந்தோ அவன் மாட்டிக்கொண்டால், அவனே வாய் திறந்து 'பங்குக்கு வா' என்று கூப்பிட வேண்டும். அப்படிப் போனவனுக்குப் பட்டதில் பாதி.

தமிழ் ஐயா தெற்கத்திக்காரர். "முறை வைக்கிறதுக்கு இது என்ன வலையா? ராஜா ஒருத்தர்தானேங்க?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"ராஜா ஒருத்தராவே இருக்கட்டும் சார். காட்சி அஞ்சு இருக்குதே!"

நைனா சண்டை போடுவார் என்று பார்த்தேன். அவரோ கையைத் தூக்கி, "அதான் நாயம்" என்றார். பெற்ற அப்பன்!

குலுக்கலில் எனக்கு முதல் காட்சி விழுந்தது. முதல் காட்சியில் ராஜா தூங்குகிறார். முகத்துவாரம் அடைகிறதென்று மந்திரிகள் கத்துகிறார்கள். ராஜா குறட்டை விடுகிறார். அவ்வளவுதான் என் நடிப்பு. கடைசிக் காட்சி எதிர்க்கரையிலிருந்து வரும் என் வகுப்புப் பையனுக்குப் போனது. வாத்தியார் இல்லாத நேரத்தில் அவன் வாயை மூட வகுப்பில் ஆளே கிடையாது.

அதற்குமேல் ஒரு கொடுமை. ஆண்டு விழா அன்றைக்கே ஏரியில் நைனாவுக்குப் பாடு. அதைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். ஊர் முழுக்கச் சுற்றி வந்தால்தான் அவருக்கு மறுபடி முறை வரும்.

"நீ வராத நைனா. நான் தூங்கத்தான் போறேன்."

"தூங்குனா இன்னா? சீட்டுல வந்தது. நம்ம பாடு. நான் வருவேன்."

மகளின் குறட்டையைக் கேட்க இறாலை விட்டுவிட்டு வருகிற மனுஷனை என்ன செய்வது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படியாவது அந்தக் கடைசி வசனத்தை அவர் காதில் போட வேண்டும் என்று நினைத்தேன், வழிதான் தெரியவில்லை.

விழா அன்று திருப்பாலைவனம் பக்கத்து விவசாயிகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மீன்பிடி ஊர்க்காரர்கள் படகேறி வந்திருந்தார்கள். நான் இருந்த ஆத்திரத்தையெல்லாம் குறட்டையில் காட்டினேன். மைக் வேறு. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. மந்திரி என் காதருகே குனிந்து, "போதும் நிறுத்து, என் வசனம் எனக்கே கேக்கல" என்றான்.

அடுத்து வந்த ராஜா என்னைவிட ஒரு முழம் குள்ளம். அதற்கடுத்தவன் கண்ணாடி போட்டிருந்தான். கிரீடம் ஒன்று, மீசை ஒன்று; ஒவ்வொருவன் வியர்வையிலும் ஊறிய அந்த மீசை நாலாவது ராஜாவின் தாடையில் போய் நின்றது. ஒவ்வொரு ராஜாவுக்கும் அவனவன் ஊர் மட்டும் விசிலடித்தது.

கடைசிக் காட்சி. மேடையில் மணல் குவியல். அலுமினியச் சட்டியில் ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடத்தோடு எதிர்க்கரைப் பையன் வந்து நின்றான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. திரை மறைவிலிருந்து ஐயா முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். அவனுக்குக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. கிரீடத்தை மட்டும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். என்னால் பொறுக்க முடியவில்லை. மறைவிலிருந்து மேடையில் ஒரு காலை வைத்தேன்.

"ஏய்! எறங்கு!"

நைனா. எழுந்தே நின்றுவிட்டார். "அது அவுங்க பாடு! நீ இன்னாத்துக்குக் கால வெக்கிற?"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அந்த மணலிலேயே என்னைப் புதைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பின்னுக்கு இழுத்தேன்.

அப்போது அவன் என் பக்கம் திரும்பினான். ரகசியமாகக் கேட்பதாகத்தான் நினைத்திருப்பான். சட்டையிலிருந்த மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது.

"ஏ... பங்குக்கு வர்றியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நிதானமாக உட்கார்ந்தார்.

"கூப்டான்ல? போ."

போனேன். அவன் கிரீடத்தால் மணலை அள்ளினான், நான் பக்கத்தில் மண்டியிட்டு வசனத்தைச் சொன்னேன், ஒரு வரி விடாமல். பாதியில் அவன் நிஜமாகவே அழ ஆரம்பித்தான். பயத்திலா நிம்மதியிலா தெரியாது. நானும் அழுதேன், அதுவும் நடிப்பில்லை. திரை மூடியபோது முதல்முறையாக இரண்டு ஊரும் சேர்ந்து விசிலடித்தன.

கடைசி ராஜா என்பதால், ராஜா வேஷத்துக்கென்று வைத்திருந்த பரிசு அவனுக்குத்தான் கிடைத்தது. இரண்டடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர்.

மறுநாள் காலை அவன் அப்பா படகில் வந்து இறங்கினார். கையில் அந்தக் கேரியரின் கீழடுக்கு மட்டும் இருந்தது. நைனாவிடம் நீட்டி, "பங்கு" என்றார். நைனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "மூடி அவுங்களாண்ட, கைப்பிடி அவுங்களாண்ட. இந்த மொட்டைக் கிண்ணத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

நைனா இன்றைக்கும் ஏரிக்குப் போகும்போது அதில்தான் சோறு எடுத்துப்போகிறார். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துத் துண்டால் கட்டிக்கொள்கிறார். மூடி எங்கே என்று படகில் யாராவது கேட்டுவிட்டால் போதும், அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"இது கடையில வாங்கினது இல்லபா. எம் பொண்ணு பங்குக்குப் போயி கொண்டாந்தது."