தே தாரிக்குக்கு எவ்வளவு மூச்சு?

பக்கத்து வீட்டு பூவம்மா தரை துடைத்த துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறார். வேலைக்குக் கிளம்பிய பதுருன்னிசா, வந்து நின்ற மின்தூக்கியை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நிற்கிறார்.

"அக்கா, பிழியறப்போ பாட முடியுதா?"

"காலங்காத்தாலயா?"

"ரெண்டு வரி போதும் லா."

பூவம்மா பாடுகிறார். மூச்சு இடறவில்லை. "அப்ப இது லேசான வேலைதான்" என்று மகிழ்ச்சியோடு தீர்ப்புச் சொல்லிவிட்டு பதுருன்னிசா ஓடுகிறார். "நீ பிழிஞ்சு பாரு, தெரியும்!" என்ற பூவம்மாவின் குரல், மூடிய மின்தூக்கிக் கதவில் மோதித் திரும்புகிறது.

நெஞ்சுவலி வந்து தேறியவர்களுக்கு எந்த வேலை ஆகும், எது ஆகாது என்று பார்த்துச் சொல்லும் மருத்துவமனைப் பிரிவில் பதுருன்னிசாவுக்கு உத்தியோகம். ஒரு முகமூடி, முதுகில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி, இவைதான் கருவி. இழுக்கும் காற்றையும் விடும் காற்றையும் ஒப்பிட்டு, உடம்பு எவ்வளவு சக்தி செலவழித்தது என்று பெட்டி சொல்லிவிடும். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்று. மற்ற வேலையெல்லாம் அதன் மடங்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு இதை மாட்டி வீட்டைப் பெருக்கச் சொன்னார். ஜன்னல் வழியே பார்த்த யாரோ பதறிப்போய் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார்கள். அதிலிருந்து கணவர் பெருக்குவதில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

தேக்கா உணவங்காடியில் டீக்கடை வைத்திருக்கும் அழகப்பன் ஒருநாள் மகள் சுஷ்மிதாவோடு பதுருன்னிசாவிடம் வந்தார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு அவள் அவரைக் கடைப்பக்கமே விடுவதில்லை.

"டாக்டர் நாலு மடங்கு வரைக்கும் ஓகேன்னாரு. தே தாரிக் எவ்வளவுன்னு சொல்லுங்க சிஸ்டர். நாலுக்கு மேல போனா கடைய கொடுத்துடுவோம்" என்றாள் சுஷ்மிதா. அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

எந்த வேலைக்கு எத்தனை மடங்கு என்று போட்டிருக்கும் அட்டவணையில் பதுருன்னிசா தேடினார். விறகு பிளப்பது இருந்தது. பனி வாருவது இருந்தது. பால் கறப்பதுகூட இருந்தது. உயரத்திலிருந்து டீயை இழுத்து ஆற்றுவது மட்டும் இல்லை.

"நான் பனிய பாத்ததே இல்லையேம்மா" என்றார் அழகப்பன் பாவமாக.

"அப்ப நம்மளே அளந்துடுவோம் அண்ணே." அவர் அதற்குள் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

கூட்டம் குறைந்த பிற்பகலில் சோதனையைக் கடையிலேயே வைத்துக்கொண்டார்கள். முகமூடியை மாட்டும்போது அழகப்பன் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் கூடப் போச்சுன்னா... நீங்க பாத்து..."

"நம்பர்ல கை வைக்க மாட்டேன் அண்ணே. எது வருதோ அதைத்தான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டாரே தவிர, பூட்டிய வாரை அவிழ்த்து மறுபடியும் பூட்டினார். அந்தக் கடை இல்லாத அழகப்பனை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஊர்க்கதையெல்லாம் பேசும் மனிதர் வாயடைத்து நின்று டீ ஆற்றுவதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "என்ன அங்கிள், ராக்கெட்ல போறீங்களா?" என்றான் ஒருவன். பதில் சொல்ல முடியாத கோபத்தில் அழகப்பன் குவளையைத் தலைக்கு மேலே தூக்கினார். டீ ஒரு முழம் நீண்டது, இரண்டு முழம் நீண்டது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பதுருன்னிசா கையிலிருந்த திரையில் எண் இரண்டைத் தாண்டி இரண்டரையில் நின்றது. சுஷ்மிதா எட்டிப் பார்த்து, அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

அப்போதுதான் அழகப்பன் பழக்கதோஷத்தில் பின்பக்கம் போய்த் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதோடு நிற்காமல் இன்னொன்றுக்கும் போனார். எண் மளமளவென்று ஏறி ஐந்தைத் தொட்டது.

"அண்ணே, வாளிய கீழ வைங்க!"

சுஷ்மிதாவின் முகம் வெளுத்தது.

பதுருன்னிசா அவளிடம் திரையைக் காட்டினார். "பாருங்க, டீ இழுக்கறது பாதகமில்ல. வாளிதான் வில்லன். இன்னும் மூணு வாரத்துக்கு அண்ணன் தண்ணி தூக்கக் கூடாது. அப்புறம் மறுபடி பாப்போம்."

சுஷ்மிதா வாளியைத் தூக்கிக் கடைக்குள் வைத்துவிட்டு, வாடிக்கையாளர் மேசையில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கு ஒண்ணு. சீனி கம்மியா."

முகமூடி கழன்றதும், அதுவரை அடைபட்டிருந்த பேச்செல்லாம் அழகப்பனிடமிருந்து ஒரேயடியாகக் கொட்டியது. ராக்கெட் என்றவனுக்குப் பதில் சொன்னார். பனி வாருபவர்களைப் பற்றிக் கருத்துச் சொன்னார். கடைசியில், "இனிமே உங்க அட்டவணையில நம்ம தே தாரிக்கும் வந்துடும்ல?" என்று கேட்டார்.

"ஒரு ஆள வச்சு எப்படிண்ணே போட முடியும்?"

பதுருன்னிசா முகமூடியை மருந்தில் நனைத்த பஞ்சால் உள்ளும் புறமும் துடைத்தார். அடுத்த கடைக்கு நடந்தார். அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் முகத்துக்கு நேரே, சிரித்தபடி, அதை இரண்டு கையாலும் நீட்டினார்.