கல்யாண ரொட்டிக்கு ஏழு பெண்கள்

ரயீசா வோர்ஸ்க்லா ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவள். வண்டிச் சக்கரம் பழுதுபார்க்கும் ஸ்தெபானுக்கு மூன்றாவது பெண். மூத்தவள் கார்கிவுக்குத் தையல் வேலைக்குப் போய் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நடுவில் பிறந்தது தங்கவில்லை. ஸ்தெபானின் பெண்சாதியும் வெர்பிவ்கா ஊர்ப் பரஸ்காவும் அக்காள் தங்கை மக்கள். அந்த வழியில் பரஸ்கா ரயீசாவுக்குப் பெரியம்மா முறை. அவள்தான் தன் தெருவில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த டோலிக்கைப் பார்த்துவிட்டு, "பையன் வாயத் தொறக்க மாட்டான், ஆனா வேலை செய்வான். பேசுறவனைக் கட்டிக்கிட்டு நான் பட்டதே போதும்" என்று ஸ்தெபான் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அப்படித்தான் ரயீசா வெர்பிவ்காவுக்கு வாழ வந்தாள். அந்த ஊரில் கல்யாணமானவளைப் புருஷன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அன்று முதல் அவள் டோலிக் வீட்டுக்காரி. ஸ்தெபானின் மகள் என்று யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று.

பிள்ளை இல்லை. முதல் சில வருஷம் அதைப் பேசினார்கள், பிறகு பேச்சு ஓய்ந்தது. டோலிக் எதற்கும் அவளைக் குறை சொன்னதில்லை. குளிர்காலத்தில் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிவிட்டு, அவள் காலணியை அடுப்பின் மேல் வைத்துச் சூடாக்கித் தருவான். இதை ஒரு நாள் அவனுடைய தங்கை ஜினா பார்த்துவிட்டு, "நம்ம அம்மாவுக்குக்கூட நீ இதைச் செஞ்சதில்லையே அண்ணா" என்றாள். அவன் சத்தமில்லாமல் சிரித்தான். அவன் சிரிப்பே அப்படித்தான், தோள் மட்டும் குலுங்கும்.

புருஷனோடு இப்படி ஒற்றுமையாக வாழ்கிறவள் என்பதால்தான் அவளைக் கல்யாண ரொட்டி செய்யக் கூப்பிட்டார்கள். கொரவாய் என்கிற அந்த ரொட்டி இல்லாமல் அங்கே கல்யாணம் இல்லை. ஆள் உட்காரும் முக்காலி அகலத்துக்கு இருக்கும். மேலே மாவிலேயே செய்த குருவிகளும் பைன் காய்களும் பின்னல்களும். ஏழு பெண்கள் கூடிப் பிசைய வேண்டும். ஏழு பேரும் முதல் தாரமாக வாழ்க்கைப்பட்டு, புருஷன் உயிரோடு இருந்து, அடி உதை இல்லாமல் குடும்பம் நடத்துகிறவர்களாக இருக்க வேண்டும். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் கை பட்டால் மணப்பெண்ணும் விட்டுவிட்டு வருவாள். விதவை கை பட்டால், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ரயீசாவின் கைக்கு மாவு கட்டுப்படும். அவள் இருந்து செய்த ரொட்டி அடுப்பில் வெடித்ததில்லை. வெடித்தால் அந்தக் குடித்தனமும் உடையும் என்பார்கள். ஊரில் பாதி குடும்பங்களின் கல்யாணம் அவள் கை பட்டு நடந்ததுதான்.

சண்டை வந்த வசந்தத்தில் டோலிக்கைக் கூப்பிட்டார்கள். சூரியகாந்தி அறுப்புக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனான். அந்த அறுப்பு முடிந்து, குளிர்காலம் வந்து, பக்முத் போர்முனைப் பக்கம் எங்கோ ஒரு வயலோர மரவரிசையில், பதுங்கு குழியில் அவன் இருந்தான். பிறகு ஒரு நாள் ஊர்த்தலைவரும் பட்டாளத்து ஆபீஸ்காரர் ஒருவரும் வாசல் கதவருகே வந்து தொப்பியைக் கழற்றினார்கள். இறந்துவிட்டான் என்று சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. காணவில்லை என்றார்கள். அவனோடு இருந்தவன் ஒருவன் பிறகு போனில் பேசினான். அடிபட்ட ஒருத்தனுக்கு டோலிக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தானாம். அப்புறம் குண்டு விழுந்தது. அன்று சாயங்காலமே அந்த மரவரிசை எதிரி கைக்குப் போய்விட்டது. "வேற எதுவும் நான் பார்க்கலை அக்கா. பார்த்ததா சொன்னா பொய்" என்றான்.

ரயீசா அதைப் பிடித்துக்கொண்டாள். பிணத்தை யாரும் பார்க்கவில்லை. போர்க்கைதிகளை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும் நாளெல்லாம் பஸ் பிடித்துப் போய், மற்ற பெண்களோடு டோலிக்கின் படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக இறங்கி வருகிறவர்களிடம், "இவரைப் பார்த்தீங்களா" என்று கேட்பாள். ஒரு பையன் வெகு நேரம் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தெரிஞ்ச முகம் மாதிரி இருக்கு" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவள் ஒரு குளிர்காலத்தைத் தள்ளினாள்.

ஜினா அப்படி இல்லை. அண்ணன் போய்விட்டான் என்று முடிவு கட்டிக் கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டாள். கோயிலில் செத்தவர்களுக்கு விளக்கேற்றும் மேடையில் அவன் பேருக்கு மெழுகுவத்தி வைத்தாள். ரயீசா நேராகப் போய் அதை ஊதி அணைத்தாள்.

"உசுரோட இருக்கிறவனுக்கு இங்க ஏன்டி ஏத்துறே?"

"எங்க அண்ணன் எனக்குக் கனவுல வந்தான் அண்ணி. வெறுங்காலோட வந்தான்."

"காலணி நனைஞ்சிருக்கும். காயப்போட்டிருப்பான்."

பாதிரியார் இருவரையும் வெளியே அனுப்பினார். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வேலி. அதன் பிறகு பேச்சு வார்த்தை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் மூன்றாவது தெரு லாரிசா ஒரு நாள் காலையில் வந்தாள். அவள் மகள் சொலோமியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஒஸ்தாப் பட்டாளத்தில் இருக்கிறவன், சில நாள் லீவில் வந்திருக்கிறான்.

"உன் வீட்டு மாவுத் தொட்டி வேணும்" என்றாள் லாரிசா. ஊரிலேயே பெரிய மரத்தொட்டி ரயீசாவுடையது.

"தொட்டி மட்டுமா?"

லாரிசா முக்காட்டு நுனியைத் திருகினாள். "ஊர் முழுக்க அலைஞ்சுட்டேன். ஆறு பேர் தேத்துறதுக்குள்ள உயிர் போச்சு. ஒருத்தி புருஷன் போன மாசம் சண்டையில செத்துட்டான். ஒருத்தி போலந்துக்குப் போனவ அங்கேயே இன்னொருத்தனோட இருக்காளாம். அந்தக் குடிகார வாசில் பெண்சாதியைக்கூடக் கூப்பிட்டேன்னா பார்த்துக்கோ. புருஷன் சாக்கடையில கிடக்கானேன்னு அழுதா. கிடந்தாலும் மூச்சு விட்டுக்கிட்டுதானே கிடக்கான், வாடின்னு இழுத்துட்டு வந்தேன்."

ரயீசா சிரித்துவிட்டாள். லாரிசாவும் சிரித்தாள். பிறகு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஏழாவது ஆள் நான் இருக்கேன்" என்றாள் ரயீசா.

"ரயா, நான் உன்னை வராதேன்னு சொல்ல வரலை. ஆனா ஒஸ்தாப் திங்கட்கிழமை திரும்பிப் போறான். எனக்கு இருக்கிறது ஒத்தப் பொண்ணு."

"என் புருஷன் இருக்கான்."

லாரிசா அவள் முகத்தையே பார்த்தாள். "உன் வாயால சொல்லிட்டே. அது போதும். நீ இருக்கான்னு சொன்னா இருக்கான். வெள்ளிக்கிழமை வந்துடு."

வெள்ளிக்கிழமை ரயீசா பூப்போட்ட முக்காட்டைக் கட்டிக்கொண்டு, தொட்டியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். லாரிசா வீட்டில், வாய்க்குக் கதவு வைத்த பெரிய மண் அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அடுப்புச் சாம்பலைச் சுருட்டை முடிக்காரன்தான் பெருக்கித் தள்ள வேண்டும் என்பது முறை. ஊரில் சுருட்டை முடி இளவட்டம் ஒன்றுகூட இல்லை. எல்லார் தலையும் பட்டாளத்தில் மழிக்கப்பட்டுவிட்டது. கடைசியில் பரஸ்காவின் புருஷன் பானாஸ் விளக்குமாற்றோடு வந்தார்.

"உங்களுக்குச் சுருட்டை எங்க மாமா இருக்கு?" என்றாள் ஒருத்தி.

"காதுக்குப் பின்னாடி ரெண்டு இருக்கு. அது போதும். நேர்ல பார்க்கணும்னா பரஸ்காகிட்ட அனுமதி வாங்கிட்டு வா."

"பெருக்குற வேலையைப் பாரு, கிழவா" என்றாள் பரஸ்கா. "அறுபது வருஷமா இந்த வாயைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

பெண்கள் வரிசையாகக் கை கழுவினார்கள். மணப்பெண் சொலோமியா தண்ணீர் ஊற்றினாள். ரயீசாவும் கழுவினாள், சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்டாள். வெளியே முற்றத்தில் ஒஸ்தாப் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடரி இறங்கும் சத்தமும் யாரிடமோ அவன் சிரித்துப் பேசுவதும் திறந்த கதவு வழியாகக் கேட்டன.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூத்தவள் ஒவ்வொருத்தியையும் புருஷன் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பேர் வந்தவள், "இருக்கான், வந்தேன்" என்று சொல்லி, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாவில் ஒரு கை அள்ளித் தொட்டியில் போட வேண்டும். எத்தனையோ கல்யாணத்தில் அதைச் சிரித்துக்கொண்டே, கேலி பேசிக்கொண்டே செய்தார்கள். இப்போது யாரும் கேலி பேசவில்லை.

"வாசில் வீட்டுக்காரி" என்றாள் மூத்தவளான பரஸ்கா.

"இருக்கான், வந்தேன்." அவள் ஒரு கை மாவு போட்டாள். பிறகு ஒருத்தி, அதன் பிறகு ஒருத்தி. பரஸ்கா தானும் மாவு போட்டுவிட்டுக் கடைசியாகத் திரும்பினாள்.

"டோலிக் வீட்டுக்காரி."

ரயீசாவின் கை மாவுப் பைக்குள் இருந்தது. விரல்கள் மாவைப் பிடித்தும்விட்டன. வாயைத் திறந்தாள். இரண்டு வருஷமாக வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்ன வார்த்தைதான். ஊர்த்தலைவரிடம், பாதிரியாரிடம், ஜினாவிடம், தலையணையிடம். அதையெல்லாம் சொன்னபோது அவளுடைய வாழ்க்கை மட்டும்தான் அதில் தொங்கியது. இப்போது முற்றத்தில் விறகு பிளக்கிறவன் தொங்கினான். அவன் தலையில் கையை வைத்து, என் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

லாரிசா கண்ணை மூடியிருந்தாள்.

ரயீசா கையை வெளியே எடுத்தாள். விரல்களைப் பைக்குள்ளேயே தட்டிவிட்டுத்தான் எடுத்தாள், ஒரு துளி மாவும் தொட்டிப் பக்கம் போகாமல். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"வேற யாரையாவது கூப்பிடுங்க பெரியம்மா" என்றாள்.

ரயீசா வெளியே வந்தாள். படியில் சொலோமியா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"அத்தை, உள்ளே வாங்க. நான் இதையெல்லாம் நம்புறதில்லை. நீங்க செஞ்சாத்தான் எனக்கு வேணும்."

"நீ நம்ப வேண்டாம் கண்ணு."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

"நான் நம்புறேனே" என்று சொல்லிவிட்டு ரயீசா நடந்தாள்.

ஜினா தன் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். ரொட்டி செய்யப் போனவள் இத்தனை சீக்கிரம் வெறுங்கையோடு வருவதைப் பார்த்து மண்வெட்டியை நிறுத்தினாள். ரயீசா வேலிக்கருகில் வந்து நின்றாள்.

"ஜினா. நீ சொன்னதுதான் சரி போலிருக்கு."

ஜினா, நான் அப்போதே சொன்னேனே என்பாள் என்று ரயீசா நினைத்திருந்தாள். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஜினா மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"நீ ஏன் அண்ணி இப்படிச் சொல்றே?"

"நீதானே சொன்னே."

"நான் சொல்வேன். நான் பயந்தவ. கும்பிடுற சாமிகிட்டயும் கெட்டதையே முதல்ல கேட்கிறவ. நீ இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, அந்த தைரியத்துலதானே நான் அழுதேன். ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா, நாம அழுதாலும் தப்பில்லைன்னு இருந்தேன். இப்ப நீயும் விட்டுட்டா எங்க அண்ணனுக்கு யார் இருக்கா?"

அவள் பாத்திப் பள்ளத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ரயீசா வேலியைத் தாண்டினாள். கிழங்குச் செடிகளை மிதிக்காமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதாள். அந்தச் சேதி வந்த நாளிலிருந்து அவள் அழுததில்லை. அழுதால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அடக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் இருந்தார்களோ, காற்றில் லாரிசா வீட்டுப் பாட்டு வந்தது. ரொட்டிக்கு மாவு பிசையும்போது பாடும் பாட்டு. ஏழாவதாக யாரைப் பிடித்தார்களோ தெரியவில்லை. பாட்டு நின்றது.

"அடுப்புல வச்சிட்டாங்க" என்றாள் ஜினா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

ரயீசா தலையை நிமிர்த்தினாள். "லாரிசா அவசரக்காரி. வெந்துச்சான்னு நடுவுல கதவைத் திறந்துடுவா. திறந்தா மேல வெடிச்சிடும்."

"பரஸ்கா பெரியம்மா இருக்காங்களே."

"அவங்க இருந்தாலும் அப்படித்தான். பெரியப்பா பேசிக்கிட்டே இருப்பார், இவங்க அடுப்பை மறந்துடுவாங்க."

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். லாரிசா வீட்டுக்குள் போகவில்லை. பின்பக்கம் சுற்றிப் போய், அடுப்பு இருக்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியே, சுவரில் கை படாமல் நின்றாள்.

"லாரிசா" என்று கூப்பிட்டாள். "அடுப்புக் கதவைத் தொடாதே. நான் சொல்றப்ப திற."

உள்ளே சலசலப்பு அடங்கிற்று. "எப்படித் தெரியும் உனக்கு, அங்கேருந்து?" என்று லாரிசாவின் குரல் கேட்டது.

"வாசனை வருதில்ல."

ஜினாவும் வந்து பக்கத்தில் நின்றாள், கறுப்பு முக்காட்டோடு. ஜன்னல் இடுக்கு வழியாக வெண்ணெயும் மாவும் வேகும் வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து வந்தது. ரயீசா மூக்கை உயர்த்திக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "இப்ப" என்றாள்.

உள்ளே கதவு திறக்கும் சத்தம்.

"லாரிசா, வெடிச்சிருக்கா?"

"இல்லை" என்றாள் லாரிசா. அழுகிறாள் என்று தெரிந்தது. "முழுசா இருக்கு."

"நல்லா ஆறவிட்டு எடு" என்றாள் ரயீசா. ஒஸ்தாப் பிளந்த விறகை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான். அவன் கடந்து போகும்வரை அவள் வழியை விட்டு ஒதுங்கி, தன் பார்வை அவன் மேல் படாமல் தலை குனிந்து நின்றாள்.