புள்ளியும் கோடும் பழகிய வருடம்

சாலவாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, உரக்கடையின் மாடியில் பரிமளாவின் தையல் கடை. அதற்கு மேலே மொட்டை மாடியில் இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே ஒரு செப்புக் கம்பி ஓடுகிறது. துணி காயப்போடத்தான் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் திருத்துவதில்லை.

அதைக் கட்டியவன் அவள் புருஷன் தமிழரசன், பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். 2015 டிசம்பர் மழையில் ஊரில் மூன்று நாள் போன் வேலை செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டவர்களின் சேதியை வெளியூருக்குச் சொல்ல ஒருவர் ரேடியோப் பெட்டியும் கார் பேட்டரியுமாக வந்து உட்கார்ந்தார். ஆசைக்காக லைசென்ஸ் வாங்கி ரேடியோ வைத்திருப்பவர், ஹாம் என்பார்கள். தமிழரசன் இரண்டு நாள் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. மழை விட்டதும் வீட்டுக்கு வந்து, "நானும் லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்றான்.

பேச மட்டும் போதுமென்றால் சின்ன லைசென்ஸ் உண்டு. பெரியதற்கு மோர்ஸ் தெரிய வேண்டும். புள்ளிக்குக் குட்டைச் சத்தம், கோட்டுக்கு நீளச் சத்தம், எழுத்தெல்லாம் இந்த இரண்டிலேயே. அவனுக்குப் பெரியதுதான் வேண்டியிருந்தது. பலகைத் துண்டில் ஒரு ஹேக்ஸா பிளேடை முடுக்கி, அழுத்தினால் கூவும்படி ஒரு பஸ்ஸரை இணைத்து, தட்டிப் பழகத் தானே ஒரு கீ செய்துகொண்டான்.

சாயங்காலமானால் தையல் மிஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவான். பரிமளா காஜா எடுத்தபடி வாய்க்கு வந்த இங்கிலீஷ் எழுத்தைச் சொல்வாள், அவன் தட்டுவான். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் அவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"நான் எஃப் தான சொன்னேன். நீங்க எல் அடிச்சிட்டீங்க."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"தெனமும் காதுல வுயுதே. அப்புறம் தெரியாம இன்னா?"

தமிழரசன் கீயை அவள் பக்கம் தள்ளினான். "அப்போ நீயும் அடி."

அந்த வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பரிமளாவின் கை தானாகத் தையலை நிறுத்திவிடும். டீ வேண்டுமென்றால் அவன் வாயைத் திறக்க மாட்டானாம். முதலில் ஒரு கோடு, அப்புறம் ஒரு புள்ளி, கடைசியில் ஒரு புள்ளியும் கோடும். டம்ளரை வைத்துவிட்டு அவள் பதிலுக்குத் தட்டுவாள். சர்க்கரை இல்லை என்பதற்கு ஆறு நிமிடம் ஆகும், டீ ஆறிப்போகும். ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகள் பூஜா காதைப் பொத்திக்கொண்டு, "ரெண்டு பேரும் பேஜார் பண்றீங்க" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள்.

பரீட்சைக்கு இரண்டு பேரும் சென்னைக்குப் போனார்கள். எழுத்துத் தேர்வு இருவருக்கும் நல்லபடி முடிந்தது. தட்டிக் காட்டும் தேர்வில்தான் தமிழரசன் தடுமாறினான். எப்போதோ மோட்டார் இறக்கும்போது நசுங்கிய பெருவிரல் அவனுக்கு. வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே அதிகாரி முன்னால் நான்கு புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் கை ஐந்தாவதையும் வைத்தது. பரிமளா தேறினாள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் நசுங்கிய விரலையே நீவிக்கொண்டு வந்தான். தேறியதற்காக யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டில் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிப் பாதியை அவள் மடியில் கொட்டிவிட்டு அவன் சொன்னான்: "லைசென்ஸ் உன் பேர்ல வந்தா இன்னா. ஏரியல் கம்பி கட்றது நான்தான."

லைசென்ஸ் வந்து, பழைய ரேடியோ செட் ஒன்று கிடைத்து, முதன்முதலில் அவளுக்குப் பதில் தந்தவர் கர்நூல் பக்கத்து ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர். அவளை ஆணென்று நினைத்து 'ஓ.எம்.' என்று கூப்பிட்டார். பெண் என்று சொன்னதும் 'ஒய்.எல்.' என்று மாற்றிக்கொண்டார். எத்தனை வயதானாலும் ஹாம்களுக்குப் பெண் என்றால் 'இளம்பெண்'தான். தமிழரசன் ஒரு வாரம் அவளை அப்படியே கூப்பிட்டுச் சிரித்தான். இங்கிலீஷில் பேசக் கூசுகிற பரிமளாவுக்கு இதில் கூச்சமே வரவில்லை. விரல்தானே பேசுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் ஓமனில் சலாலாவுக்கு வேலைக்குப் போனான். தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுவான். ஞாயிறு காலை கர்நூல்காரரோடு தட்டுவதை அவள் விடவில்லை. ஆனால் தட்டி முடித்து நிமிர்ந்தால் எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

போன தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, பிளவுஸ் அவசரத்தில் மிஷின் ஊசி அவள் வலது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. பயந்துவிடுவான் என்று அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை இடது கையால் தட்டினாள். செட்டை அணைத்த ஐந்தாவது நிமிடம் சலாலாவிலிருந்து போன்.

"கைல இன்னா ஆச்சு?"

பரிமளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு சொன்னாங்க? பூஜாவா?"

"நீதான் சொன்னே, இப்போ. கோடெல்லாம் நொண்டிக்கினு போவுது."

யாரோ ஒருவர் எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் திறந்துவைத்திருக்கும் ரேடியோ ரிசீவர் வழியாக, வேலைக்குக் கிளம்பும் முன் அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"எத்தினி நாளா கேக்கிறீங்க?"

"வந்த நாலாம் மாசத்துலர்ந்து."

"ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா எனுக்கோசரம் அடிப்பே. கை தடுமாறும். ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கோ. இப்பவே போ" என்றான்.

அன்றைக்கு உத்திரமேரூர் டவுன் பஸ்ஸில், கட்டுப்போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா, வலி போலிருக்கிறது என்று நினைத்து ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தாள்.

விதிப்படி, தொடர்பில் இருப்பவருக்குத்தான் தட்டலாம்; கேட்டுக்கொண்டிருக்கும் வேறொருவருக்குச் சேதி அனுப்பக் கூடாது. பரிமளா அதை மீறவில்லை. ஆனால் ஹாம்கள் ஒருவருக்கொருவர் தம் ஊர் வானிலை சொல்வது வழக்கம். முன்பெல்லாம் வெயில் அல்லது மழை என்று ஒரே வார்த்தையில் முடிப்பாள். இப்போது விரல் ஆறி, வலது கையாலேயே நிதானமாகத் தட்டுகிறாள்: எத்தனை நாள் மழை, ஏரி எவ்வளவு ஏறியது, யார் கழனியில் நடவு முடிந்தது, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிய ஆரம்பித்ததா. கர்நூல் வாத்தியார் எல்லாவற்றையும் பொறுமையாக வாங்கிக்கொண்டு, உங்கள் ஊரில் வானிலை ரொம்ப நீளம் என்று பதில் அனுப்பினார்.