பாதிரியார் வீட்டு மணி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தனபாக்கியம் இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். சந்தேகம் இருந்தால் அமெரிக்காவில் ஐசலினுக்குப் போய் அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் பாதிரியாருக்கென்று கட்டிய செங்கல் வீடு அது. கூரான ஜன்னல்கள். முன்னால் ஒரு மாடிப்படி, பின்னால் வேலைக்காரர்களுக்கு ஒன்று. பாதிரியாரின் படிப்பறைக்கு மட்டும் தெருப்பக்கம் தனிக் கதவு. துக்கத்தோடு வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையாமல் நேரே அவரிடம் போகலாம். சமையலறைச் சுவரில் ஒரு பித்தளை மணி. அதன் கம்பி சுவருக்குள் போய் எங்கேயோ மறைந்தது.

தென்மேற்கில் வாசல் ஆகாது என்று ஈரோட்டு வாஸ்துக்காரர் போனில் சொல்லிவிட்டார். படிப்பறையின் தெருக்கதவு அந்த மூலையில்தான் இருந்தது; கணவன் சுப்பையன் அதன் மேல் பலகை அடித்து வர்ணமும் பூசினான். அறையை மகள் வெண்பாவுக்குக் கொடுத்தார்கள்.

அந்த வாரமே...

டிங்.

தொண்ணூற்றாறு ஜனவரி, பட்டப்பகல். தனபாக்கியம் வெளியே ஓடிப் பார்த்தாள். கதவின் முன்னால் பனியில் ஒரு காலடி கூட இல்லை.

டிங்... டிங்...

"வித்துட்டுப் போயிரலாம் தனம்." சுப்பையன் முகத்தில் ஈயாடவில்லை.

"விக்கறதா? எத்தன வருசம் அபார்ட்மென்ட்ல கெடந்து வாங்குன வூடுங்க இது! எவனோ வெளிய நின்னு மணியடிச்சா நாம ஓடோணுமா?"

வெண்பா அறையிலிருந்து வந்தாள். "அம்மா, இட்ஸ் ஃப்ரீசிங் இன் மை ரூம்."

ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டிங்... டிங்... டிங்...

தனபாக்கியத்துக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. சுத்தியலை எடுத்தாள். பலகையைப் பெயர்த்தாள். கதவை விரியத் திறந்தாள்.

"ஆருடா அது? தைரியமிருந்தா உள்ள வா!"

யாரும் வரவில்லை.

மணி நின்றது.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு டோரதி காபி குடிக்க வந்தார். அவருடைய அம்மா அந்த வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். மணியைப் பார்த்துச் சிரித்தார். அதன் கயிறு வெளியே இருந்ததே இல்லையாம். படிப்பறைக்கு உள்ளே தொங்குமாம். வந்தவர் கிளம்புகிறார், கதவைத் திறந்துவிடு என்று சமையல்காரிக்குச் சொல்லத்தான் பாதிரியார் அதை இழுப்பாராம்.

உள்ளே. வெண்பாவின் கட்டில் பக்கத்தில்.

வெளியே போகக் கேட்டதற்குக் கதவைத் திறந்துவிட்டு, கூடவே 'உள்ள வா' என்றும் கூப்பிட்டிருக்கிறாள்.

அன்று சாயந்திரமே வெண்பாவின் கட்டில் மாடிக்குப் போனது. கட்டிலைத் தூக்கும்போதே...

டிங்.

தனபாக்கியம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே படிப்பறைக்குப் போனாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"பேசுனது போதும், கெளம்புங்க. இது எங்க வூடு."

குளிர் அவளை உரசிக்கொண்டு வெளியே போனது.