சுவரில் வரைந்த கேட்

இன்று காலை எங்கள் பார்க்கில் ஒரு புது கேட் திறந்தார்கள்!

(ரிப்பன் இல்லை, மைக் இல்லை. சுவர் இடித்த தூசி மட்டும்தான்.)

ஆம்பூரில் எங்கள் தெருவுக்கும் பின்னாலிருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு சின்ன பார்க். கேட் எங்கள் பக்கம் மட்டும். காலனிக்காரர்களுக்கு வெறும் சுவர்!

அந்தக் காலனியில்தான் ரீட்டா இருக்கிறாள். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மெஷின். போலியோ வந்த கால், மூணு சக்கர வண்டியில்தான் வருவாள். பார்க்குக்கு வர வேண்டுமென்றால் மெயின் ரோட்டைச் சுற்றி, லாரிகளுக்கு நடுவே வர வேண்டும். அதனால் வந்ததே இல்லை.

"எங்க பக்கமும் ஒரு கேட் வைங்க" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் தெரு சங்கத் தலைவர் கோவிந்தன் மாமா ஒரே பிடி.

"இன்னொரு வழி விட்டா கண்டவனும் உள்ள வருவான்மா. வேணாம்."

(அவர் வேண்டாம் என்றால் கவுன்சிலருக்கும் வேண்டாம்.) எனக்கு வந்த கோபம் இருக்கே!

போன மாதம் ஓவியம் படிக்கிற பிள்ளைகள் சிலர் பெயிண்ட் டப்பாவோடு வந்தார்கள்.

"சுவத்துல ரெண்டு பக்கமும் நீங்களே வரையுங்க. முடிச்சதும் இந்தப் பக்கத்து ஆளுங்க அந்தப் பக்கம் போய்ப் பாக்கணும். அவ்ளோதான் கண்டிஷன்!"

எங்கள் பக்கம் கிளி, தாமரை, மயில். (என் மயில் கோழி மாதிரி வந்தது. சிரிக்காதீர்கள்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா, கவுன்சிலர், நாங்கள் எல்லாரும் காலனிக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, மெயின் ரோட்டைக் கடக்க நின்று நின்று, மாமாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"இன்னும் எவ்ளோ தூரம்மா? பேஜாரா போச்சே!"

போய்ப் பார்த்தால், அவ்வளவு நீளச் சுவரில் பூவும் இல்லை, கிளியும் இல்லை.

ஒரே ஒரு கேட்!

நீலக் கலரில், கீல், தாழ்ப்பாள் எல்லாம் வைத்து வரைந்திருந்தார்கள். கம்பிகளுக்கு நடுவே பார்க்கின் ஊஞ்சலும் வேப்பமரமும் தெரிந்தன.

"இன்னாம்மா இது? இத்தப் பாக்கவா இவ்ளோ சுத்து?" என்றார் மாமா.

ரீட்டா சிரித்துக்கொண்டே சொன்னாள். "நாங்க அங்க வர்றதுக்கும் இதே சுத்துதான் மாமா."

மாமா திரும்பி, வந்த வழியைப் பார்த்தார்.

கவுன்சிலர் தொண்டையைக் கனைத்தார். "நல்லாதான் வரைஞ்சிருக்கீங்க... ஆனா கேட் வைக்கணும்னா அளவு, பிளானுன்னு எவ்ளோ இருக்கு..."

"என் வண்டிய நிறுத்தி அளவெடுத்துதான் சார் கோடு போட்டிருக்கோம். பேட்டர்ன் ரெடி. கட்டிங் மட்டும் நீங்க பாத்துக்கோங்க!"

தோல் வெட்டுகிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? கூட்டமே சிரித்துக் கைதட்டியது. என்ன வாய்! என்ன தைரியம்! இவள் என் தோழி என்று கத்த வேண்டும் போலிருந்தது.

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டிடுங்க சார். இன்னொரு தபா என்னால அவ்ளோ தூரம் நடக்க முடியாது!"

அந்த நீலக் கோட்டின் மேலேயே இடித்து நிஜ கேட் மாட்டினார்கள். இன்று காலை முதல் ஆளாக உள்ளே வந்தது ரீட்டாவின் வண்டி. ஊஞ்சல் பக்கம்கூட நிற்கவில்லை. நேராக எங்கள் பக்கம் வந்துவிட்டாள். எதிரே என் வீட்டு வாசலில் நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். (நைட்டியோடு!)

என்னைப் பார்த்தாள். திரும்பி, பார்க்குக்கு அந்தப் பக்கம் தெரிந்த தன் வீட்டு மாடியைப் பார்த்தாள்.

"அடியேய்... இவ்ளோ கிட்டவா இருக்கு உன் வீடு? இதுக்காடி இத்தினி வருஷமா போன்ல பேசிக்கினு கெடந்தோம்!"